டில்லியிலே அறிவியல் ஆசிரியர்கள்

கல்விச் சுற்றுலா என்ற பெயரில் ஆண்டுதோறும் தலைநகருக்கு வந்து போகும் கூட்டங்களை நாமெல்லாம் அறிவோம். காலையில் செங்கோட்டை, நண்பகலில் குதுப் மினார், மாலையில் இந்தியா கேட், இரவில் கரோல் பாக் கடைத்தெரு. மறுநாள் விடியுமுன் ஆக்ராவுக்குப் பேருந்து. புகைப்படங்கள் சேர்கின்றன, கம்பளிச் சால்வைகள் சேர்கின்றன. கல்வி மட்டும் எந்தப் பேருந்தில் ஏறிற்று என்பது தெரிவதில்லை.

மாணவர்கள் வந்தால் இவ்வாறு நடப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அறிவியல் ஆசிரியர்கள் வரும்போதும் இதுவே நடந்தால் இழப்பு பெரிது. ஓர் ஆசிரியர் ஒன்றைச் சரியாகப் பார்த்துச் சென்றால், அவர் ஓய்வு பெறும்வரை ஆண்டுக்கு நூறு பிள்ளைகளேனும் அதைப் பார்ப்பார்கள் அன்றோ? ஆகவே, 2025 பிப்ரவரியில் மதுரைப் பக்கத்திலிருந்து பதினெட்டு ஆசிரியர்கள் இங்கு வருவதாகவும், இரண்டு நாள் வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்றும் செய்தி வந்தபோது நான் ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தேன்: இடங்களைக் குறையுங்கள், ஒவ்வோர் இடத்திலும் அரை நாள் நில்லுங்கள். சிலர் முகம் சுளித்தார்களாம். ஆயினும் ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் ஜந்தர் மந்தர். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724-இல் எழுப்பியது. டில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா என ஐந்து நகரங்களில் அவர் இத்தகைய வானநோக்கு நிலையங்களை அமைத்தார். மதுராவில் இருந்தது அழிந்துபோயிற்று. இங்குள்ள சாம்ராட் யந்திரம் ஒரு மாபெரும் நிழற்கடிகாரம். அதன் சாய்ந்த படிச்சுவர் தரையோடு ஏறத்தாழ 28½ பாகை கோணம் ஆக்குகிறது. ஏன் அந்தக் கோணம்? டில்லியின் அட்சரேகை அதுதான். அவ்வாறு சாய்த்தால்தான் சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். நிழலும் மணிக்கு 15 பாகை வீதம் சீராக நகரும்.

யந்திரத்தின் அளவுக் கோடுகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. சுற்றிலும் எழுந்துள்ள மாடிக் கட்டடங்கள் வெயிலையும் மறைக்கின்றன. ஆகவே பக்கத்தில் ஒரு திறந்த வெளியில் நாங்களே ஒரு மீட்டர்க் கோலை நட்டோம். நிழல் மிகக் குறுகி நேர் வடக்கே விழும் வேளைதான் உண்மையான நண்பகல். பன்னிரண்டு மணி ஆயிற்று. நிழல் இன்னும் குறுகிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தில் 12-35 ஆனபோதுதான் அது நின்று திரும்பிற்று.

“தம்பி, உன் கோல் சாய்ந்திருக்கிறதா, இல்லை என் கடிகாரம் ஓடிவிட்டதா?” என்று கேட்டார் மூத்த ஆசிரியர் ஒருவர்.

இரண்டும் இல்லை. இந்தியாவின் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. டில்லி அதற்கு ஏறத்தாழ 5¼ பாகை மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக 21 நிமிடம் பிந்துகிறோம். எஞ்சிய 14 நிமிடத்துக்குக் காரணம் வேறு. பூமியின் பாதை முழு வட்டம் அன்று. அதன் அச்சும் சாய்ந்தது. இவ்விரண்டாலும் சூரியன் சில மாதங்களில் கடிகாரத்துக்குப் பிந்துகிறான், சில மாதங்களில் முந்துகிறான். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பின்னடைவு. நவம்பர்த் தொடக்கத்தில் 16 நிமிடம் முன்னேற்றம். அப்போது வந்திருந்தால் 12-05-க்கே நண்பகல் ஆகியிருக்கும். பாடநூலில் நாலு வரியில் கடந்துபோகும் செய்தி இது. அரைமணி நேரம் வெயிலில் நின்ற அந்த ஆசிரியர்கள் இனி அதை நாலு வரியில் கடக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியை கேட்ட கேள்வியை மறக்க முடியவில்லை. “எங்கள் பள்ளியில் ஆய்வுக்கூடத்துக்குக் கதவே கிடையாது. ஜெய்சிங் மன்னர் கட்டிய கட்டடத்தை நான் எங்கே போய்க் காட்டுவது?” என்றார் அவர். நியாயமான கேள்வி. சுற்றுலாவின் பயனே அதன் விடையில்தான் அடங்கியிருக்கிறது. “அம்மா, கோலை உங்கள் பள்ளி முற்றத்தில் நடலாம். அதோடு, டில்லியில் எவராலும் காண இயலாத ஒன்றை நீங்கள் காட்டலாம்” என்றேன். டில்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் இங்கு சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர்மேலே வருவதில்லை. தமிழ்நாட்டிலோ ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறான். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும், சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களை ஒட்டியும் நண்பகலில் செங்குத்தான கோலுக்கு நிழலே இராது. காலணாச் செலவில்லை, கதவும் வேண்டியதில்லை.

மறுநாள் மெஹ்ரோலி இரும்புத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடை, ஏறத்தாழ 1,600 ஆண்டு வயது. முதுகைச் சாய்த்துக் கைகளைக் கோத்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையால் மக்கள் தழுவித் தழுவித் தேய்த்ததில், 1997-இல் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். துருப்பிடிக்காத மாய உலோகம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை மாயமாக விட்டுவிடவில்லை. பண்டைய கொல்லர்கள் மரக்கரியைக் கொண்டு, சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் இரும்பை உருக்கி எடுத்தார்கள். அதனால் தாதுவிலிருந்த பாஸ்பரஸ் கசடோடு போகாமல் இரும்பிலேயே தங்கிற்று. முதலில் தூணும் துருப்பிடிக்கத்தான் செய்தது. அந்தத் துருவுக்கும் இரும்புக்கும் இடையே பாஸ்பரஸ் செறிந்து, மாறிமாறி வந்த ஈரத்தாலும் உலர்ச்சியாலும் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்று உருவாயிற்று. அதுவே பிறகு காவல் செய்கிறது. துருவே துருவைத் தடுத்த கதை! இரும்பை முறியச் செய்யும் என்று இக்காலத்தில் நாம் நீக்கிவிடும் பாஸ்பரஸ்தான் அங்கே காப்பாளன்.

பிரகதி மைதானத்தை அடுத்துள்ள தேசிய அறிவியல் மையத்தில் இரண்டு மணி நேரம் கழித்தோம். 1992-இல் திறக்கப்பட்டது; நல்ல இடம். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் காட்சிகளைப் பற்றி நான் விரித்து எழுதப்போவதில்லை.

நம் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே இருந்தும் நம்மில் பலர் ஏறிப்பாராத ரிட்ஜ் காட்டையும் காட்டினேன். ஆரவல்லி மலைத்தொடரின் வால்முனை அது. நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட குவார்ட்சைட் பாறை. அங்கே அடர்ந்து நிற்கும் ‘விலாயதி கீகர்’ மரத்தைக் கண்டதும் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் உரக்கச் சிரித்துவிட்டார். “இது நம்ம ஊர்ச் சீமைக்கருவேலமல்லவா! கண்மாயெல்லாம் கெடுத்தது போதாதென்று டில்லிக்கும் வந்துவிட்டதா?” அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. இந்தியில் விலாயதி, தமிழில் சீமை; அயல்நாட்டுச் சரக்கு என்பதை இரு மொழியும் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன.

இறுதியாக யமுனை. வஜீராபாத் அணைக்கு மேலே நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிறார்கள்; அணையைக் கடந்ததும் நஜப்கர் வாய்க்கால் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கையுறை அணிந்து மேலும் கீழும் ஒவ்வொரு புட்டி நீர் முகந்தோம். இரண்டிலும் மெத்திலீன் நீலம் சில சொட்டு விட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தோம். நீரில் கரைந்த உயிர்வளியை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்ததும் நீலம் வெளுத்துவிடும். மறுநாள் காலை விடுதியில் பார்த்தபோது கீழ்ப்புட்டி வெளுத்திருந்தது. மேற்புட்டி இன்னும் நீலமாகவே இருந்தது. இந்தச் சோதனைக்கு யமுனைதான் வேண்டும் என்பதில்லை.

அவர்கள் ஊருக்குப் புறப்படுமுன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். டில்லியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பவை. வேறுபாடு ஒரு பாகை அளவே. மார்ச் 21 அன்று நண்பகலில் இரு ஊரிலும் ஒரு மீட்டர்க் கோலின் நிழலை அளப்பது என்று முடிவாயிற்று. கதவில்லாத ஆய்வுக்கூடத்துக்குரிய அந்த ஆசிரியையே மதுரைப் பக்கத்துப் பொறுப்பை ஏற்றார். எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த கணக்குத்தான்.

அன்று 12-28 அளவில் நம் விடுதி மொட்டைமாடியில் நான் அளந்த நிழல் 54.2 செ.மீ. மூன்று நிமிடம் முன்னதாக அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அளந்தது 16.8 செ.மீ. கோணங்கள் 28.46, 9.54, வேறுபாடு 18.92 பாகை. இரு ஊருக்கும் இடையே வடக்கு தெற்காகத் தொலைவு சுமார் 2,080 கி.மீ. அதிலிருந்து பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 39,600 கி.மீ. என்று வந்தது. துருவங்கள் வழியாக உண்மை அளவு 40,008. அந்த 400 கி.மீ. எங்கே போயிற்று என்று கேட்டு ஒரு சிறுமி எழுதிய அஞ்சலட்டை என் மேசைமேல் இருக்கிறது. நிழலின் விளிம்பு மங்கலாக இருப்பதைப் பற்றி அவளுக்கு எழுதியிருக்கிறேன். செப்டம்பர் 23-இல் மறுபடியும் அளக்கவிருக்கிறோம்.