சென்னைக் கிணறு ஆர்க்டிக் கடலுக்குப் போன கதை

கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் ஒருவர், நான் எழுதிக்கொடுத்த கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளின் அறிமுகக் கையேட்டைப் பார்த்துச் சென்னைக் கிணறுகளை வரைபடத்தில் ஏற்றினார். புள்ளிகள் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டுக்கு வடக்கே போய் விழுந்தன. ‘எக்ஸ், ஒய் பத்திகளைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். தவறு என்னுடையது.

நீங்களும் இப்படி ஒரு கையேடு எழுதினால், அதற்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: சிஎஸ்வி கோப்பில் உள்ள கிணறுகளைப் புள்ளிகளாக்குவது. மென்பொருளின் வரலாறு முதல் பக்கத்தில் வேண்டாம். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று மேலேயே போடுங்கள். பத்துக் கிணறுகள் கொண்ட மாதிரிக் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். படிப்பவர் சொந்தக் கோப்போடு தொடங்கினால், பிழை கோப்பிலா செய்முறையிலா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பின்னணியை முதலில் போடச் சொல்லுங்கள். வெள்ளைத் திரையில் புள்ளி எங்கே விழுந்தாலும் சரியாகவே தெரியும்.

அடுத்துதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். அட்சரேகையை முதலில் சொல்லியே பழகியவர்கள் நாம். கைபேசி வரைபடமும் சென்னையை 13.08, 80.27 என்றுதான் காட்டும். கியூஜிஐஎஸ்ஸில் எக்ஸ் என்பது தீர்க்கரேகை. ஆகவே இப்படி எழுதுங்கள்:

‘எக்ஸ் பெட்டியில் தீர்க்கரேகைப் பத்தி. தமிழ்நாட்டுக்கு அது 76 முதல் 80 வரையில் தொடங்கும் எண். ஒய் பெட்டியில் அட்சரேகை. 8 முதல் 13 வரையில் தொடங்கும். கீழே இபிஎஸ்ஜி:4326 இருக்கிறதா பாருங்கள். ஏற்றியதும் லேயர் பெயரில் ரைட் கிளிக் செய்து “ஜூம் டு லேயர்” கொடுங்கள். சென்னைத் தெருக்கள் தெரிய வேண்டும். வடதுருவக் கடல் தெரிந்தால் எக்ஸும் ஒய்யும் இடம் மாறியிருக்கின்றன. லேயரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.’

சரியாகச் செய்தால் என்ன தெரியும், தவறினால் என்ன தெரியும், எப்படித் திரும்பி வருவது — இந்த மூன்றும் இல்லாத படியை நான் அச்சுக்கு விடுவதில்லை. 4326 என்றதும் புரொஜெக்‌ஷன் பாடம் நடத்தக் கை துறுதுறுக்கும். வேண்டாம், ‘ஜிபிஎஸ் தரும் டிகிரி எண்களுக்கு இதுதான்’ என்ற ஒரு வரி போதும். ‘எளிதாக’, ‘சும்மா’ என்ற சொற்களை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். முடியாமல் திணறுகிறவரை அவை குத்தும்.

முடித்தபின், இந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் மவுஸ் எங்கே தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தில் ஒரு வரி சேருங்கள்.