பழைய பிரையர் சுங்கான் வாங்கும்போது

லண்டனில் புதிய டன்ஹில் சுங்கான் ஒன்றுக்குப் பல நூறு பவுண்டு கேட்பார்கள். அதே ஊர்ச் சந்தையில், துருப்பிடித்த கத்தரிக்கோல்களுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே, அதற்குச் சளைக்காத மரத்தில் கடைந்த பழைய சுங்கான் கரியும் பிசினுமாகக் கிடக்கும். விற்பவருக்கு அது குப்பை. அழுக்கு எது, பழுது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் உங்களுக்கு லாபம்.

பிரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேர்முண்டு. வெட்டி, பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைசலுக்குப் போகும். எளிதில் தீப்பற்றாத குணம் மரத்துடையது, முத்திரையுடையதல்ல. நேராக ஓடும் ரேகைகளுக்குத் தரும் கூடுதல் பணம் கண்ணுக்குத்தான். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய சுங்கானும் அதே மரம்தான். பெரும்பாலும் வழவழப்பானதைவிட விலை குறைவு. சிக்கனக்காரர் அதையே முதலில் தேடலாம்.

எங்கே தேடுவது என்றால், வெள்ளிக்கிழமை விடிகாலையில் பெர்மன்ட்சி சந்தை, சனிக்கிழமை போர்ட்டபெல்லோ சாலை என்று எல்லோரும் சொல்வார்கள். போகலாம், ஆனால் சுங்கானைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பவருக்கு அதன் மதிப்பும் தெரிந்திருக்கும். புறநகர்களின் கார் பூட் சேல்களும் சாரிட்டி ஷாப்களுமே என் சிபாரிசு. தாத்தாவின் பொருள்களை அப்படியே அட்டைப்பெட்டியில் கொட்டி விற்பவரிடம் ஒரு சுங்கானுக்கு விலை கேட்காதீர்கள், பெட்டிக்கே கேளுங்கள்.

சிறு டார்ச், பூதக்கண்ணாடி, பைப் கிளீனர்கள் நாலைந்து: இவை சட்டைப்பையில் இருக்கட்டும். முதலில் கிண்ணத்துக்குள் வெளிச்சம் அடியுங்கள். தடித்த கரிப்படிவம் பயமுறுத்தும், ஆனால் சுரண்டினால் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு வைப்பதே நல்லது. உள்சுவரில் பள்ளமோ, அதற்கு நேர் வெளியே கருத்து மெதுவான புள்ளியோ இருந்தால் மரம் எரிந்து துளையாகிக்கொண்டிருக்கிறது. கீழே வைத்துவிடுங்கள். விளிம்புக் கருப்பை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள்: விரலில் பழுப்பு ஒட்டினால் புகைப்பிசின், கழுவலாம், ஒட்டாமல் விளிம்பு தேய்ந்து கோணியிருந்தால் மரமே கருகியிருக்கிறது.

அடுத்து காம்பு. வாய்க்குழல் வந்து செருகும் இடத்தில்தான் விரிசல் விழும். அங்கே பொருத்தமில்லாத பித்தளை வளையம் தெரிந்தால் விரிசலைக் கட்டியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். பைப் கிளீனரை வாய்க்குழலிலிருந்து விடுங்கள். தடையில்லாமல் போய்க் கிண்ணத்தின் அடியில் எட்டிப்பார்த்தால் துளை சரியாகப் போட்டிருக்கிறார்கள். அடிக்கு மேலே வெளிவந்தால் எத்தனை பெரிய பெயரானாலும் கடைசி வரை ஈரப் புகையிலை தேங்கும். பச்சை கலந்த பழுப்பேறிய வாய்க்குழல் வல்கனைட் என்ற கடின ரப்பர். அதிலுள்ள கந்தகம் வெயில்பட்டு வெளியேறிய நிறம், உப்புத்தாளில் போய்விடும். பல்லால் கடித்து ஓட்டையாக்கியதை விட்டுவிடுங்கள். புதுக் குழல் செய்யும் கூலி சுங்கானின் விலையைத் தாண்டும்.

பெயரை இதற்குப் பிறகு படித்தால் போதும். டன்ஹில்லின் வெள்ளைப் புள்ளிக்கு விலை ஏறித்தான் இருக்கும். ஆனால் அந்நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் தன் அளவுகோலுக்கு எட்டாதவற்றை விற்கத் தொடங்கிய பார்க்கர் பெயரைப் பலர் கவனிப்பதில்லை. காமோய்ஸ் குழலில் பதித்த ‘சி’ மூன்று துண்டுகளாகச் சேர்த்ததாக இருந்தால் பழைய, நல்ல காலத்துச் சரக்கு. டப்ளினின் பீட்டர்சன், மிலானின் சாவினெல்லி, பிரான்சின் ஜிபிடி எல்லாம் நம்பகமானவை. வெள்ளி வளையத்தில் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரையிட்டது. ‘ஈ.பி.’ என்றால் வெறும் முலாம், அதற்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பளபளப்பாகத் தேய்த்து எழுத்தே அழிந்த ‘புதுப்பித்த’ சுங்கானைவிட எழுத்து தெளிவாயிருக்கும் அழுக்குச் சுங்கானே மேல். மக்கு வைத்து அடைத்த சிறு குழிகள் தெரிந்தால் குறை சொல்லி விலையைக் குறையுங்கள். புகைப்பவருக்கு அதனால் கெடுதலில்லை. புகையால் வரும் கெடுதல் தனிக்கணக்கு, புகைக்காமல் சேகரிப்பவர்களும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் குழலை முறுக்காதீர்கள். இறுகியிருந்தால் சுங்கானை அரைமணி நேரம் ஃபிரீசரில் வைத்து, பிறகு மெல்லத் திருகுங்கள். கரியைச் சுரண்டி, கிண்ணத்தில் பஞ்சு அடைத்து, சொட்டுமருந்துக் குப்பியால் அது நனையும்வரை ஆல்கஹால் விடுங்கள். வெளிப் பூச்சில் பட்டால் நிறம் கரையும். ஓரிரவில் பஞ்சு பழுப்பாகும். மறுபடி வெள்ளையாகவே வரும்வரை பஞ்சை மாற்றி, பிறகு இரண்டு மூன்று நாள் காற்றாட உலர விடுங்கள்.