மொழிப்பாடமும் வணிகப் பொறுப்பும்

மேல்நிலை வகுப்பில் வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவரை நோக்கி, 'நிறுவனத்தின் சமுதாயப் பொறுப்பு யாது?' என வினவிப் பாருங்கள். 'இரண்டு விழுக்காடு' என்று விடை வரும். விடை பிழையன்று. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், தன் 135-ஆம் பிரிவில் அவ்வாறுதான் வகுத்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் அளவை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டையேனும் சமுதாயப் பணிகளில் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நாள் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. இன்று அரசுப் பள்ளிகளின் கழிவறைச் சுவர்களிலும் குடிநீர்த் தொட்டிகளிலும் நாம் காணும் நிறுவனப் பெயர்ப்பலகைகள் பலவும் இதன் பயனே.

நற்பயனே, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அச்சட்டம் பேசுவது, ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைச் செலவிடும் முறையைப் பற்றியது. பொருளை ஈட்டும் முறையைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வனவும், தன் ஊழியர்க்கு மட்டும் பயன்படுவனவும் இக்கணக்கில் சேரா என விதிகள் கூறுகின்றன. செய்தே ஆகவேண்டிய கடமையைக் கொடையாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் உட்கருத்து. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இந்த உட்கருத்தைக் காண்பதில்லை. இரண்டு விழுக்காட்டைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்றே அதன் மனத்தில் பதிகிறது. எஞ்சிய 98 விழுக்காடு எவ்வாறு வந்தது என்று கேட்பார் இல்லை.

நம் முன்னோர் வணிகரைப் பற்றிப் பேசியபோது, ஈட்டும் முறையைத்தான் முதலில் பேசினர். திருக்குறளின் 'நடுவு நிலைமை' அதிகாரத்து இறுதிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலை வணிகத்தின் இலக்கணமாக்குகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுவது, அவர்கள் வாங்கும்போது மிகையாக வாங்காமலும் விற்கும்போது குறைவாகக் கொடாமலும் இருந்தமைக்காக. கள்ளாமை அணுவிரதத்துக்குச் சொல்லப்படும் ஐந்து அதிசாரங்களுள் கள்ள அளவையும் கலப்படமும் இடம்பெற்றுள்ளதை நம் வாசகர் அறிவர். இவை எவற்றிலும் நன்கொடைப் பேச்சு இல்லை.

ஆகவே இப்பாடத்தின் பெரும்பகுதியைக் கற்பிக்க வேண்டியவர் மொழியாசிரியரே என்பது நம் கருத்து. இதைக் கேட்டவுடன் தமிழாசிரியர் சிலர் முகஞ்சுளிக்கலாம்; இருக்கும் பாடத்தையே முடிக்க நாள் போதவில்லை என்பர். புதுப்பாடம் எதுவும் வேண்டா. ஒரு நிறுவனத்துக்கு முகமில்லை, குரலில்லை. அது நம்மோடு பேசுவதெல்லாம் எழுத்தாலேதான். விளம்பரம், ஆண்டறிக்கை, பொட்டலத்தின் மேலச்சு, விபத்து நேர்ந்தால் வெளியிடும் அறிக்கை ஆகிய இவையே அதன் பேச்சு. வாக்கியத்தைப் பகுத்துப் பார்க்கத் தெரிந்தவன் அதன் பொறுப்பையும் பகுத்துப் பார்ப்பான்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மொழிப்பாடத்தில் நெடுங்காலமாகப் படிக்கப்படும் புதினம் ஒன்று உண்டு. அப்டன் சிங்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' என்பது அது. சிகாகோ நகரத்து இறைச்சி ஆலைகளைப் பற்றிய அந்நூல் 1905-இல் இதழ்த் தொடராக வந்து, 1906-இல் நூலாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்க நமக்கு மனம் வராத நூல் அது. இங்கே அதன் வரலாறு மட்டுமே வேண்டும். அந்நூல் எழுப்பிய கொந்தளிப்பால், அதே ஆண்டு ஜூன் 30 அன்று, உணவு, மருந்துத் தூய்மைக்கும் இறைச்சி ஆய்வுக்கும் இரு சட்டங்கள் ஒப்பமிடப்பட்டன. ஆனால் நூலாசிரியர் எழுதியது ஆலைத் தொழிலாளர் படும் துயரத்தை உணர்த்தவே. வாசகரோ தம் தட்டில் விழும் அழுக்கை எண்ணியே பதறினர். நுகர்வோர்க்குச் சட்டம் கிடைத்தது. தொழிலாளியின் நிலை அச்சட்டங்களால் மாறவில்லை. 'இந்நிறுவனம் யார் யாருக்குப் பொறுப்பு? எழுதியவர் யாரைக் கருதினார்? படித்தவர் யாரைக் கருதினர்?' என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் கேட்டால், பொறுப்பு என்ற சொல்லின் முழு அகலமும் அங்கே விரியும்.

நம் பிள்ளைகளுக்கு இவ்வகுப்பைத் தமிழிலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தோன்றா எழுவாய் என்பதை யாவரும் படித்திருக்கிறோம். 'படித்தாய்' என்ற சொல்லில் 'நீ' வெளிப்படையாக இல்லை; எனினும் விகுதி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். செயப்பாட்டுவினையோ வேறுவகை. 'கதவு திறக்கப்பட்டது' என்னும்போது, திறந்தவன் வாக்கியத்திலும் இல்லை, விகுதியிலும் இல்லை. அவன் நழுவிவிட்டான். இன்னொரு வழியும் உண்டு. 'கதவு திறந்தது' என்று எழுதிவிட்டால், கதவே தானாகத் திறந்துகொண்டதாக ஆகிவிடும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு போபால் நிகழ்ச்சியைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வெளியேறி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 'நச்சுவாயு கசிந்தது' என்றே அன்று முதல் நாம் எழுதியும் பேசியும் வருகிறோம். 'கசிந்தது' தன்வினை, எழுவாய் வாயு. குற்றவாளிக் கூண்டில் வாயு நிற்கிறது! அடுத்த வாக்கியங்களை நோக்குவோம். வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. நிறுத்தியவர் யார்? கழற்றச் சொன்னவர் யார்? எதை மிச்சப்படுத்துவதற்காக? மாணவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, எழுவாய் இல்லாத இடங்களில் எல்லாம் வினாக்குறி இடச் சொன்னால் போதும்.

யூனியன் கார்பைடு நிறுவனம் பின்னர் ஒரு வாக்கியத்தில் மட்டும் எழுவாயைத் தெளிவாக வைத்தது. யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் நீரைச் செலுத்தினான் என்பதே அது. பொறுப்பை ஏற்கும் இடத்தில் மறைந்த எழுவாய், பழியைச் சுமத்தும் இடத்தில் தோன்றிவிட்டது. 1989-இல் 47 கோடி டாலர் இழப்பீட்டுடன் உச்சநீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது. 2010-இல்தான், இந்தியக் கிளையின் முன்னாள் அலுவலர்களுக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனையைப் போபால் நீதிமன்றம் விதித்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த எழுவாய் அது.

எதிர்ப்பக்கத்தையும் காட்டாவிடில், வணிகர் எல்லாரும் தீயோர் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவர். வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வகுப்பில் அமர்ந்திருப்பர். 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் டைலினால் என்னும் வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் எவரோ சயனைடு கலந்ததால் எழுவர் இறந்தனர். தயாரித்த ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் குற்றம் அன்று அது. ஆயினும் அந்நிறுவனம், பத்துக் கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் குப்பிகளை நாடெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது. சில வாரங்களில், திறந்தால் தெரியும்படி முத்திரையிட்ட புதிய குப்பிகளை வெளியிட்டது. அதன் தலைவர் 1943-இலேயே எழுதிவைத்த கொள்கை அறிக்கை, தன் பொருள்களைப் பயன்படுத்துவோர் முதலாகத் தொடங்கி, ஊழியர், ஊரார் என வந்து, பங்குதாரரை இறுதியில் நிறுத்துகிறது. 'நாங்கள்' என்னும் எழுவாயை அது ஒளிக்கவில்லை. மாணவர் ஒரு பக்கத்தில் படித்து முடிக்கக்கூடிய அளவினது.

கதையை இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அதே நிறுவனத்தின் குழந்தைப் பவுடரில் கல்நார் கலந்திருந்தது என்று பிற்காலத்தில் பல்லாயிரம் வழக்குகள் தொடுக்கப்பட்டன. நிறுவனம் அதை மறுத்துவந்தது. எனினும் டால்க் கலந்த அப்பவுடரின் விற்பனையை 2020-இல் வட அமெரிக்காவிலும் 2023-இல் உலகெங்கும் நிறுத்திக்கொண்டது. கொள்கை அறிக்கை அப்போதும் இருந்தது. ஒரு வாக்கியம் ஒருமுறை மெய்யாக இருந்தமையால் எப்போதும் மெய்யாகிவிடாது என்பதையும் மாணவர் அறியட்டும்.

சென்ற கோடை விடுமுறையில், நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் பதினொருவருக்குச் சில நாள்கள் இவ்வகையில் பாடம் நடத்திப் பார்த்தோம். மளிகைக் கடையில் வாங்கிய மிளகில் பப்பாளி விதை கலந்திருந்ததாக ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதச் சொன்னோம். வெகு எளிதாக எழுதினர், தேர்வில் பழகியதுதானே. மறுநாள், கடைக்காரராக இருந்து அதற்கு மறுமொழி எழுதச் சொன்னோம். அறை அமைதியாகிவிட்டது. ஒன்பது பேர், 'தவறு நடந்துவிட்டது. வருந்துகிறோம்' என்று எழுதினர். ஒருவன் மொத்த வியாபாரிமேல் பழியைப் போட்டான். ஒரு சிறுமி மட்டும், 'விலை குறைவு என்பதால் அந்த மிளகை நான் வாங்கினேன். வாங்கும்போதே எனக்கு ஐயம் இருந்தது' என்று எழுதியிருந்தாள். நம்மைத் திகைக்கவைத்த வாக்கியம் அது. கடைக்காரர் எவரும் இப்படி எழுதமாட்டார் என்று மற்றவர்கள் சிரித்தனர். ஏன் எழுதமாட்டார் என்று அவள் கேட்டாள். அன்றைய வகுப்பு முழுவதும் அவ்வினாவிலேயே கழிந்தது.

மூன்றாம் நாள், தத்தம் ஊரில் உள்ள மெய்யான குறை ஒன்றுக்கு மறுமொழி எழுத வேண்டும் என்றோம். ஒரு மாணவனின் தந்தை அரிசி ஆலை வைத்திருப்பவர். நெல் அவிக்கும் கொதிகலனில் உமியை எரிப்பதால், காற்றடிக்கும் நாள்களில் சாம்பல் பறந்து அடுத்த தெருவில் உலர்த்திய துணிகளிலும், போவோர் கண்களிலும் விழும். ஆலை உரிமையாளராக இருந்து அத்தெருவாருக்கு அவன் எழுதிய கடிதம், 'காற்று மிகுதியால் சாம்பல் விழுந்தது' என்று தொடங்கிற்று. நாம் எதுவும் சொல்லவில்லை; 'காற்று' என்ற சொல்லின் கீழ்க் கோடிட்டுக் கொடுத்தோம். வீட்டுக்கு எடுத்துச் சென்றான். மறுநாள் அவ்வரி, 'எங்கள் ஆலையின் புகைபோக்கியில் சாம்பலைத் தடுக்கும் கருவியை நாங்கள் இன்னும் பொருத்தவில்லை' என்று மாறியிருந்தது. 'ஒரு மாதத்துள் பொருத்துவோம்' என்பது அடுத்த வரி.

அவ்வரி மட்டும் வேறொரு பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. மாலையில் அவன் தந்தையே வந்தார். பிள்ளைக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமோ என்று நமக்கும் சற்று அச்சந்தான். அவர் சினக்கவில்லை. கருவியின் விலையைக் கேட்டு வைத்திருப்பதாகவும், சம்பா நெல் வந்து போன பிறகே கையில் பணம் நிற்கும் என்றும் கூறினார்.

"பள்ளிக்கூடத்துக் கடிதந்தானே, எந்தத் தேதி போட்டால் என்ன?" என்றோம்.

"எழுதிக் கொடுத்துவிட்டால் செய்ய வேண்டுமே, ஐயா" என்றார். பிறகு மகனிடமிருந்து தாளை வாங்கி, அடித்த வரியின்மேல், 'தை மாதம் முடிவதற்குள்' என்று தம் கையால் எழுதி, அதன் கீழ் ஒப்பமும் இட்டார்.