ஆயில் கூடினாலும் ஆபத்துதான்

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் மாற்றினார்கள். டிப்ஸ்டிக்கில் 'ஹாட்' குறியைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. குறைந்தால்தானே ஆபத்து, கூடினால் என்ன என்கிறார் மெக்கானிக். அப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அளவு மீறினால், சுழலும் பல்சக்கரங்கள் ஆயிலுக்குள் முங்கி அதைத் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை என்றால் காற்று. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம்தான். பம்ப் நுரையை உறிஞ்சினால் அந்தப் பிடி தளரும், தட்டுகள் வழுக்கும், சூடேறித் தேயும். 'டி'யில் போட்டபின் வண்டி தயங்குவதும், இன்ஜின் இரைந்தும் வேகம் கூடாததும் இதனால் வரலாம். கியர்பாக்ஸின் காற்றுத் துளையான பிரீதர் வழியே ஆயில் பொங்கிச் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்.

இந்தத் தவறு பெரும்பாலும் எப்படி நேர்கிறது தெரியுமா? கீழே திறந்து வடித்தால் பழைய ஆயில் முழுவதும் வராது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும். கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஊற்றினால் அளவு மீறத்தான் செய்யும். வடித்த அளவே திரும்பப் போகவேண்டும்.

முதலில் அளவை உறுதிசெய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சற்றுத் தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் இன்ஜின் ஓடும்போதே பார்க்கவேண்டும். கையேட்டில் வேறு முறை இருந்தால் அதுவே சரி. அப்போதும் கூடுதலென்றால், டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய டியூப் விட்டு உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். சிறிய வேலைதான். அதுவரை நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.