ஆஸ்பத்திரிச் செலவும் கடையின் நாணயமும்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய வைத்தியம் பார்த்துவிட்டு வரும் வணிகர்கள் எம்மிடம் கேட்பது இது: "ஆஸ்பத்திரியில் பாக்கி நிற்கிறது. இனி பாங்கியில் கடன் கிடைக்குமா?"

ஆஸ்பத்திரி பாக்கி நேராக 'சிபில்' கணக்கில் ஏறுவதில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் விவரம் அனுப்புபவர்கள் பாங்குகள், நிதி நிறுவனங்கள், கடன் அட்டைக்காரர்கள் போன்ற கடன் கொடுப்பவர்களே. ஆஸ்பத்திரி அதில் சேராது. பாக்கிக்காக அவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம்; அது வேறு விஷயம்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் டிஸ்சார்ஜ் அன்றே கட்டிவிட்டுத்தான் வருகிறோம். எதைக் கொண்டு கட்டினோம் என்பதே கேள்வி. அட்டையைத் தேய்த்திருப்போம், தனிநபர் கடன் வாங்கியிருப்போம், அல்லது கடையின் சி.சி. கணக்கில் எடுத்திருப்போம். மூன்றும் ரிப்போர்ட்டில் வரும். தனி உரிமையாளர் கடைக்குத் தனி பான் எண் கிடையாது. ஆகவே தாயாரின் ஆபரேஷனுக்குத் தேய்த்த அட்டையில் தவணை தவறினால், சி.சி. புதுப்பிக்கும் நாளில் அது மேனேஜர் மேஜைக்கு வந்துவிடும். சி.சி. கணக்கே 90 நாள் ஒழுங்கின்றி நின்றால் வாராக்கடன்தான்.

அட்டையில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தவணை தவறியதாகாது. ஆனால் மீதிக்குப் பல அட்டைகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. துவரம்பருப்பு மூட்டையில் நமக்கு என்ன நிற்கிறது என்பது நமக்கே தெரியும்! பில் வந்தவுடன் மாதத் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். நகை இருந்தால் பாங்கி நகைக்கடன் இதைவிட மலிவு. பாதிப் பணத்தில் 'செட்டில்மெண்ட்' என்று ஆள் வந்தால் யோசியுங்கள். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று நிற்கும். அடுத்த கடன் கொடுப்பவர் அதைப் பார்த்துத் தயங்குவார். சிபில் உட்பட 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

சரக்குக் கடன் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ஆனால் மார்க்கெட்டில் வரும். காசோலை திரும்பினால் 138-ஆவது பிரிவு இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் கட்டாவிட்டால் வழக்கு.

எமது கடையில் பல ஆண்டு கணக்கு வைத்திருந்த மளிகைக்காரர் ஒருவர். 14 நாள் தவணை, ஒரு தடவை தவறியதில்லை. ஒரு நாள் அவர் காசோலை திரும்பியது. போனை எடுக்கவில்லை. பையனை அனுப்பினோம், கடை பூட்டியிருந்தது. கோபத்தில் மண்டியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, அவர் சம்சாரத்துக்கு இருதய ஆபரேஷன்; சரக்குப் பணம் அங்கே போயிருக்கிறது. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழைய பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு, புதுச் சரக்கை ரொக்கத்துக்குக் கொடுத்திருப்போம். அவருக்குக் கூச்சம், எமக்கு அவசரம். ஆறு மாதத்தில் பணம் முழுவதும் வந்துவிட்டது. ஆனால் மண்டியில் அவருக்கு இன்னும் யாரும் தவணை கொடுப்பதில்லை. எம்மிடம் மட்டும் பழையபடி 14 நாள்.

இப்போதெல்லாம் காசோலை திரும்பினால், வக்கீலிடம் போகுமுன் கணக்குப்பிள்ளை அவர் வீட்டுக்குப் போய் விசாரித்து வருகிறார். நோட்டீஸ் அனுப்ப 30 நாள் இருக்கிறது.