அஜினமோட்டோவுக்குப் பயம், ஆறிய சோற்றுக்கு இல்லை

பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் பஸ்ஸில் இடம் பிடிப்பது பெரும்பாடு. பிள்ளைக்குச் சப்பாத்து, பாட்டிக்கு மருந்து, வீட்டுக்கு அரிசி மா சீனி என்று எல்லாம் வாங்கி முடிந்ததும் குடும்பத்தோடு ஒரு கடைச் சாப்பாடு. மேசையில் சாப்பாடு வரும் முன்பே எச்சரிக்கைகள் வந்துவிடும்: "கொத்துல அஜினமோட்டோ போடுவாங்க", "டஸ்ட் தேத்தண்ணி குடிக்காத", "தட்டுல வச்சத எல்லாம் பில்லுல ஏத்திருவாங்க." இவற்றில் பெரும்பாலானவை வீண் பயம். நிஜமாகவே கவனிக்க வேண்டிய விஷயங்களோ யார் வாயிலும் வருவதில்லை.

அஜினமோட்டோவையே எடுத்துக்கொள்வோம். 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகெடா கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். அதன் உப்புதான் கடைகளில் பக்கெட்டில் கிடைப்பது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும் குளுட்டமேட் இயற்கையாகவே உண்டு. அதன் கெட்ட பெயருக்கு வித்திட்டது, 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மருத்துவர் எழுதிய கடிதம். சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப் போகிறது, படபடக்கிறது என்றார் அவர். காரணம் எது என்று அவருக்கே நிச்சயமில்லை. பிறகு, எதில் கலந்திருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், ஒரே ஆளுக்கு அதே அறிகுறி ஒழுங்காகத் திரும்ப வரவில்லை. வெறும் வயிற்றில் அளவுக்கு மீறிக் கொடுத்தபோது சிலருக்குச் சிறிது நேரம் தலைவலி, படபடப்பு வந்ததுண்டு. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, 1987இல், இதற்குத் தினசரி உச்ச வரம்பு தேவையில்லை என்று முடிவு செய்தது. கொத்தில் கவலைப்பட வேண்டியது உப்பும் எண்ணெயும்.

அதே அடுப்பில் வறுபடும் பிரைட் ரைஸ்தான் வேறு கதை. "நெருப்பில் போட்டு வாட்டி எடுக்கிறான், எந்தக் கிருமி தப்பும்?" என்பது ஊர் நம்பிக்கை. அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வேகும்போது அவை சாவதில்லை. வெந்த சோறு மணிக்கணக்காக வெளியில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு 121 பாகை செல்சியஸ் சூட்டையும் தாங்கும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் போகாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால், கோழியைத் திட்டுவதற்கு முன் சோற்றையும் சந்தேகிக்கலாம்.

பழைய சோறு என்பதே குற்றமல்ல. ஆறிய சோற்றில்தான் பிரைட் ரைஸ் உதிரி உதிரியாக வரும், எந்தச் சமையற்காரருக்கும் தெரியும். அந்தச் சோறு இரவைக் குளிர்சாதனப் பெட்டியில் கழித்ததா, அடுப்படியில் கழித்ததா என்பதே கேள்வி.

"நம்ம ஊர்க் குளிருக்கு எதுவும் கெடாது" என்று உடனே பதில் வரும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. சமைத்த உணவைக் குளிரில் வைப்பதானால் 5 பாகைக்குக் கீழே, சூட்டில் வைப்பதானால் 60 பாகைக்கு மேலே, வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 16 பாகையில் கிருமி மெதுவாக வளரும், வளராமல் இருக்காது. போதாததற்கு, பெரிய அண்டாவில் வடித்த சோறு வெளியே பனி கொட்டினாலும் நடுவில் வெதுவெதுவென்றே கிடக்கும்.

மேசை ஜக்கில் இருக்கும் தண்ணீரைப் பற்றியும் இதே பெருமை: மலை ஊற்று, சுத்தம். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் ஊற்றெடுப்பது உண்மைதான். ஆனால் லயங்களையும் கழிப்பறைகளையும் மாட்டுக் கொட்டில்களையும் தாண்டி வரும் தண்ணீரின் சுத்தம் கண்ணுக்குத் தெரியாது. கொதித்தாறிய தண்ணீர் இல்லையென்றால், பிள்ளைக்குச் சூடான பிளேன்டீயே மேல்.

அந்தப் பிளேன்டீக்கு வருவோம். டஸ்ட் என்றால் தொழிற்சாலையில் கூட்டி அள்ளிய குப்பை என்று நினைப்பவர்கள், கொழுந்து எடுக்கும் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். சலிக்கும்போது துகளின் அளவை வைத்துப் பிரிக்கும் தரங்களில் ஒன்றுதான் டஸ்ட். பெரிய துகள் பீஓபீ, அதற்கும் சிறியது பீஓபீஎப், கடைசியில் டஸ்ட். கழிவுத் தேயிலை என்பது வேறு. துகள் சின்னதாக இருப்பதால் சாயம் சட்டென்று இறங்கும். வடியை நனைத்து நிமிடத்துக்கு நாலு கோப்பை ஊற்றும் கடைக்கு அதுதான் தோது.

தேயிலை விளையும் ஊர்க் கடையில் தேத்தண்ணி அபாரமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. மலையில் அரைத்தது 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்கு இறங்கிப் போய்விடும். உயர்நிலத் தேயிலைக்கு மணம் அதிகம், நிறம் வெளிர். பால் தேத்தண்ணிக்குத் தேவையான கடுஞ்சாயம் பெரும்பாலும் தாழ்நிலத்திலிருந்து வருவது. அந்தக் கோப்பையின் விலையை ஏற்றி இறக்குவதும் கொழுந்து அல்ல, பால்மா. 2022 மார்ச்சில் பால்மா விலை எகிறியபோது, சிற்றுண்டிச்சாலை உரிமையாளர்கள் பால் தேத்தண்ணியை 100 ரூபாய் ஆக்கினார்கள். தேயிலைத் தோட்டத்து நடுவில் இருந்த கடைகளுக்கும் நியூசிலாந்துப் பால்தான் கணக்கு.

கேட்காமலே தட்டு நிறைய ரோல்ஸ், பெட்டிஸ், வடை கொண்டுவந்து வைப்பது ஏமாற்று வேலை அல்ல. சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிஞ்சியதை எண்ணிக் கழித்துத்தான் வெயிட்டர் கல்லாவுக்குக் குரல் கொடுப்பார். சிக்கல் அதற்குப் பிறகு. மிஞ்சியது கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பி, அடுத்த மேசைக்குப் போகும். இந்த மேசையில் ஒரு பிள்ளை இருமியிருக்கலாம், ஒரு ரோலைத் தொட்டுப் பார்த்து வைத்திருக்கலாம். "தம்பி, தட்டு வேணாம், ரெண்டு ரோல்ஸ் மட்டும் சூடா கொண்டாங்க" என்றால் முடிந்தது. யாரும் முகம் சுளிப்பதில்லை.

விலை விஷயத்திலும் கடைக்காரர் வைத்ததே சட்டம் என்றில்லை. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைப்பது கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 70 ரூபாய்தான் உச்ச விலை என்று வர்த்தமானி அறிவித்தது. கூட வாங்கினால் பில்லைக் கேட்டு வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.