ஓதலும் உணர்தலும்

ஆழ்வார்களின் அருளிச்செயல் ஒரு காலத்தில் ஓதுவாரின்றி மறைந்திருந்தது என்றும், நாதமுனிகள் அதனை மீட்டருளினார் என்றும் குருபரம்பரை கூறும். மீட்டதோடு அவர் அமையவில்லை. பண் அமைத்து, தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தார். ஆசிரியர் ஒருமுறை ஓத, மாணவர் இருமுறை ஓதும் 'சந்தை' முறை இன்றும் வழங்குகின்றது.

ஓதலோடு பொருளுணர்தலும் வேண்டுமன்றோ? இராமாநுசரின் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி உரை அருளினார். பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் வியாக்கியானம் செய்தார். அவற்றுள் பெரியாழ்வார் திருமொழி உரையின் பெரும்பகுதி அழிந்துபோக, மணவாள மாமுனிகள் அப்பகுதிக்கு உரை வரைந்து நிறைவு செய்தார். கற்பார் இல்லையேல் பாட்டும் மறையும். பேணுவார் இல்லையேல் ஏடும் அழியும் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளே சான்று.

இக்கால ஆராய்ச்சியும் இவ்விரு வழிகளிலேயே சென்றுள்ளது. ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் 1989இல் வெளியிட்ட ஆங்கில நூல் பிள்ளானின் உரையை ஆராய்ந்தது. வசுதா நாராயணன் 1994இல் வெளியிட்ட நூலோ, பாசுரம் ஓதப்பெறும் முறையையும் திருக்கோயில் வழிபாட்டில் அதற்குள்ள இடத்தையும் ஆய்வுப்பொருளாகக் கொண்டது. அச்சேறிய பாடலை மட்டும் நோக்கின் அருளிச்செயலின் பாதியே புலப்படும் என்பதை அறிஞரும் உணர்ந்தனர்.

கோஷ்டியின் பின்னே நின்று செவிமடுக்கும் அன்பர்க்கும் இக்கல்வியில் பங்குண்டு. இவ்வுற்சவத்தில் பாசுரம் ஒன்றையேனும் பெரியோர்வாய்க் கேட்டு ஓதி, அதன் பொருளையும் வினவி அறிந்து, இல்லம் திரும்பியபின் சிறார்க்குச் சந்தை சொல்லி வைப்பாராயின், நாதமுனிகள் தொடங்கிய பணி அவ்வில்லத்திலும் தொடரும்.